பேஸ்பால், சாஃப்ட்பால் கருவிகளுக்கான பையை எப்படி வடிவமைப்பது?

இரண்டு ஆட்டங்களுக்கும் ஒரே பை என்றால், அளவை மட்டையிலிருந்தே தொடங்க வேண்டும். சாஃப்ட்பால் மட்டையின் விட்டம் 2.25 அங்குலத்தைத் தாண்டாது. பேஸ்பால் மட்டையோ 2.75 அங்குலம் வரை பருத்திருக்கலாம் என்பதால், பையின் இரு பக்கங்களிலும் 3 அங்குல விட்டத்துக்குக் குறையாத உறைகளைத் தைத்து, மட்டையின் எடை முழுவதும் இறங்கும் அடித்தையலில் இரட்டைத் துணி வைப்பது அவசியம். நான் பார்த்த பைகளில் முதலில் கிழிவது அந்த இடம்தான்.

தோல் கையுறை நசுங்கினால் பந்து பிடிக்கும் குழியின் வடிவம் கெட்டுவிடும். ஆகவே அதற்கும் தலைக்கவசத்துக்கும் அகலமான மேலறையை ஒதுக்கி, மண்ணும் ஈரமும் படிந்த காலணிகளைக் காற்றுத்துளைகள் உள்ள தனிக் கீழறையில் வைக்க வேண்டும். இல்லையேல் கையுறையில் பூஞ்சை பிடிக்கும். வேலிக் கம்பியில் மாட்டும் கொக்கியையும் தவிர்க்காதீர்கள், ஏனெனில் ஆட்டக்காரர்கள் காத்திருக்கும் இடத்தின் தரை பெரும்பாலும் புழுதியாகவே இருக்கும்.