கரப்பானும் கறையானும்: கேள்வி பதில்

கேள்வி: கறையானும் கரப்பானும் ஒரே வம்சமா?

பதில்: ஆமாம். வட ஆஸ்திரேலியாவில் மாஸ்டோடெர்மஸ் டார்வினியென்சிஸ் என்றொரு கறையான். அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைக்காடுகளில் கிரிப்டோசெர்கஸ் பங்டுலேட்டஸ் என்றொரு கரப்பான். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இந்தக் கரப்பானுக்கு இறக்கையே இல்லை. பட்டுப்போன மரத்துக்குள் ஆணும் பெண்ணுமாகக் குடித்தனம், மரம்தான் சாப்பாடு. அதைச் செரிக்க வைப்பவை குடலில் வாழும் ஒற்றைச்செல் உயிர்கள். குஞ்சுகளுக்கு அவை பிறவியில் கிடையாது. பெற்றோரின் பின்குடலிலிருந்து வரும் திரவத்தைக் குடித்துத்தான் கிடைக்கும். மாஸ்டோடெர்மஸ் கூட்டிலும் இப்படித்தான் கைமாறுகின்றன.

அலமாரி மூலையில் புளியங்கொட்டை நிறத்தில் கரப்பானின் முட்டைக்கூடு ஒட்டியிருக்குமே, பார்த்திருப்பீர்கள். மற்ற கறையான் ராணிகள் முட்டைகளைத் தனித்தனியாக இடும். மாஸ்டோடெர்மஸ் மட்டும் அந்தக் கரப்பான் கூட்டைப் போலவே சுமார் 20 முட்டைகளை இரண்டு வரிசையாக ஒட்டி, கட்டாக இடும். பின்னிறக்கையின் அடியில் கரப்பானைப் போலவே அகலமான மடிப்பு வேறு. கரப்பான்களின் கொழுப்புத்திசுவில் வாழும் பாக்டீரியா, கறையான்களில் இது ஒன்றில்தான் இருக்கிறது.

கேள்வி: அப்போ எங்கள் சமையலறைக் கரப்பான்தான் கறையானின் பாட்டனா?

பதில்: இல்லை. தாயாதி. பாட்டன் ஆக்காதீர்கள்.

கேள்வி: வெள்ளை எறும்பு என்கிறோமே?

பதில்: தப்பு. எறும்பு குளவிக்குச் சொந்தம். புழுவாகி, கூட்டுப்புழுவாகி மாறும். கறையான் குஞ்சு சின்னக் கறையான்தான்.

கேள்வி: கதவு நிலையில் செல் அரிக்கிறது, மருந்து சொல்லுங்கள்.

பதில்: அது என் துறை இல்லை. விவரம் தெரிந்த ஆளை அழைத்துக் காட்டுங்கள்.

கேள்வி: ராஜா, ராணி, சிப்பாய் என்று கறையானுக்கு ஒரு அரசே இருக்கிறது. கரப்பானுக்கு ஏது? உங்கள் வாதத்தை ஏற்க முடியாது.

பதில்: கூட்டுக்குடும்பம் நடத்தினால் பங்காளி உறவு அறுந்துவிடுமா? 2007-இல் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியக ஆய்வாளர்கள் மரபணுவை ஒப்பிட்டு, கறையானுக்கென்று ஐசாப்டெரா என்ற தனி வரிசை (பூச்சி வகைப்பாட்டில் ஒரு பெரும்பிரிவு) வேண்டாம், கரப்பான் வரிசைக்குள்ளேயே ஒரு குடும்பமாக வைக்கலாம் என்றார்கள். கறையானுக்கு மிக நெருங்கிய உறவாக நிற்பது மேலே சொன்ன கிரிப்டோசெர்கஸ்தான்.

கேள்வி: கறையானுக்கு மருந்து?

பதில்: மறுபடியுமா! மேலே சொன்ன பதிலைப் படியுங்கள். புற்றைக் கண்டதும் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்த மட்டும் போகாதீர்கள்.

கேள்வி: முந்தைய கேள்வி கேட்டவன்தான். இறக்கை முளைத்த கறையான்தானே ஈசல்? சின்ன வயதில் அரிசியோடு வறுத்துத் தின்றிருக்கிறேன். அப்படியானால் நான் தின்றது கரப்பானா?

பதில்: வகைப்பாட்டின்படி ஆமாம். நானும் தின்றவன்தான். இறக்கையைப் புடைத்துவிட்டு வறுத்தீர்களா, இல்லையா?