ரங்கூனில் எடுத்த படம்: உரிய வீட்டைக் கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி: காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு பழைய தேக்குச் சட்டம் வாங்கினேன். உள்ளே ஒரு குடும்பப் படம் இருக்கிறது. நாற்காலியில் ஒரு பெரியவர், பக்கத்தில் அவர் மனைவி, பின்னால் இரண்டு இளைஞர்கள், காலடியில் ஒரு சிறுவன். படம் ஒட்டிய அட்டையின் அடியில் ரங்கூன் ஸ்டுடியோ ஒன்றின் பெயர் அச்சாகியிருக்கிறது. சட்டத்தின் பின்பலகையில் பென்சிலால் மூன்று இனிஷியல்கள், 'ராமநாதன்' என்ற பெயர், ஓர் ஊர்ப்பெயர். படத்தை அந்தக் குடும்பத்தாரிடமே கொடுத்துவிட ஆசை. எட்டாயிரம் ரூபாய் கொடுத்தால் வாரிசுகளைத் தேடித் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா? அல்லது பேஸ்புக்கில் போட்டுவிடலாமா?
(வாசகர், திருச்சி)

பதில்: இரண்டும் வேண்டாம். பணத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், படத்தையும் இப்போதைக்கு யாருக்கும் அனுப்பாதீர்கள்.

உங்களிடம் நல்ல தடயங்கள் இருக்கின்றன. ஆனால் நீங்கள் பெரிதாக நம்புகிற தடயம்தான் அவற்றில் பலவீனமானது. பெயர் பின்பலகையில் இருக்கிறது என்கிறீர்கள். பலகை சட்டத்தைச் சேர்ந்தது. வீடு பிரிக்கும்போது சட்டங்களும் படங்களும் கலந்து கட்டுக் கட்டாகக் கடைக்கு வரும். வெறும் சட்டத்தைவிடப் படம் உள்ள சட்டம் கூடுதல் விலைக்குப் போகும் என்பதால், அளவு பொருந்துகிற ஏதோ ஒரு படத்தைச் செருகி வைப்பவர்கள் உண்டு. அப்படியானால் அந்த ராமநாதனுக்கும் இந்தப் பெரியவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாமல் போகலாம்.

இதைச் சோதிக்க வழி இருக்கிறது. மெத்தென்ற துணியின் மேல் சட்டத்தைக் குப்புறப் போட்டு, ஆணிகளைக் குறடால் நேராகப் பிடுங்குங்கள். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் கண்ணாடி விரியும். பலகையைத் தூக்கியதும் பூச்சி துளைத்த ஓட்டைகளைப் பாருங்கள். பலகையிலும் அட்டையிலும் ஒரே இடத்தில் ஓட்டை இருந்தால், அல்லது நீர்க்கறை ஒரே வடிவத்தில் இரண்டிலும் படிந்திருந்தால், இரண்டும் நெடுங்காலம் சேர்ந்திருந்தவை. அட்டை சுத்தமாக இருந்து பலகை மட்டும் அரித்திருந்தால் சந்தேகப்படுங்கள். இடையில் பழைய நாளிதழ் வைத்திருந்தால் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். சட்டம் போட்ட காலத்தைத்தான் அது காட்டும், படம் பிடித்த காலத்தை அல்ல. பின்னால் ஒட்டியிருக்கும் கடைச் சீட்டும் பெரும்பாலும் சட்டம் போட்டவருடையதுதான். அதை ஸ்டுடியோ முகவரி என்று நினைத்து அலையாதீர்கள்.

படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் அத்தோடு நிறுத்துங்கள். படத்தின் ஜெலட்டின் பூச்சு ஈரத்தில் இளகிப் பிடித்திருக்கும். இழுத்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். தண்ணீரில் ஊறவைக்கச் சொல்லும் வீடியோக்களை நம்பவே வேண்டாம், கையால் வண்ணம் தீட்டிய படமாக இருந்தால் வண்ணம் கரைந்து ஓடும். கண்ணாடியோடு சேர்த்தே, ஃபிளாஷ் இல்லாமல், படமெடுங்கள். ஒட்டவில்லை என்றால் முன்னும் பின்னும் 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்யுங்கள். பிறகு இருட்டறையில் கைபேசி டார்ச்சை அட்டைக்குப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்தால், அழிந்த பென்சில் எழுத்தும் அழுத்திப் பதித்த முத்திரையும் நிழலாகத் தெரியும்.

அடுத்தது காலம். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமானது. அதற்கு முன்பே நம்மவர்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பிவிட்டார்கள். ஆகவே இப்படிப்பட்ட குடும்பப் படம் பெரும்பாலும் அதற்கு முந்தியதாக இருக்கும். ஊர்ப்பெயரோடு 'ராம்நாடு ஜில்லா' என்றிருந்தால் அந்த எழுத்து 1910-க்குப் பிந்தியது, அந்த மாவட்டம் உருவானதே அந்த ஆண்டில்தான். காரைக்குடிக் கடை, ரங்கூன் ஸ்டுடியோ என்பதால் இது நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) குடும்பமாக இருக்கலாம். அம்மாளின் கழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். நகரத்தாரின் பெரிய திருமாங்கல்ய நகையான கழுத்துருவை அணிந்திருந்தால் அது கல்யாணமாகவோ அறுபதாம் கல்யாணமாகவோ இருக்க வேண்டும், நாள்தோறும் போடுகிற நகை அல்ல அது. அறுபதாம் கல்யாணம் என்றால் பெரியவருக்கு வயது அறுபது. அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடலாம்.

காலத்தை ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், நகரத்தார் வீடுகளில் பாட்டனார் பெயரைப் பேரனுக்கு வைப்பது வழக்கம். ராமநாதன் மகன் சிதம்பரம், சிதம்பரம் மகன் ராமநாதன் என்று போகும். ஒரே வீட்டில் ஒரே பெயர் ஐம்பது அறுபது ஆண்டு இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும். காலம் தெரியாமல் பெயரை மட்டும் வைத்துப் போனால் பேரனைத் தாத்தாவென்று கொண்டுபோய் நிறுத்துவீர்கள்.

இனி விலாசம், அதாவது பெயருக்கு முன்னால் வரும் இனிஷியல்கள். அந்த மூன்று இனிஷியல்களை ஒற்றையெழுத்துகளாகப் படிக்காதீர்கள். 'ராம', 'சித', 'அரு', 'கரு', 'வீர' என்று இரண்டெழுத்தாக எழுதுவது அங்கே வழக்கம். ஆங்கிலத்தில் 'சித' என்பது 'சி.டி.' என்றாகும். பழைய பென்சில் எழுத்தில் இரண்டெழுத்து எது, ஒற்றையெழுத்து எது என்று பிரிக்கத் தெரியாமல்தான் பாதித் தேடல் பாழாகிறது. வழக்கமாகக் கடைசியில் வருவது தகப்பனார், அதற்கு முந்தியது பாட்டனார்.

இதில் ஒரு விலக்கை நீங்கள் அறிந்தே ஆக வேண்டும், அது சுவீகாரம். பிள்ளை இல்லாத வீட்டில் பிள்ளை கூட்டிக்கொள்வது நகரத்தாரிடம் சர்வ சாதாரணம். கூட்டிக்கொண்ட நாளிலிருந்து பையனின் விலாசம் மாறிவிடும். பிறந்த வீட்டு இனிஷியல்கள் போய், வந்த வீட்டு இனிஷியல்கள் ஏறும். சில சமயம் ஊரும் மாறும், பெயரும் மாறும். உங்கள் படத்தில் காலடியில் உட்கார்ந்திருக்கும் சிறுவனை எடுத்துக்கொள்ளுங்கள். அவன் பின்னால் வேறு வீட்டுக்குப் போயிருந்தால், அவன் பேரப்பிள்ளைகள் இன்று வேறு இனிஷியலோடு வேறு ஊரில் இருப்பார்கள். 'எங்கள் ஐயா படம் இது' என்று அவர்கள் சொன்னால், இனிஷியல் பொருந்தவில்லை என்று தள்ளிவிடாதீர்கள், அவர்கள் பொய் சொல்லவில்லை. மாறாக, அவனே இந்த வீட்டுக்கு வந்த பிள்ளையாகவும் இருக்கலாம். அப்போது இனிஷியல் பொருந்தும், முகச்சாயல் பொருந்தாது. சாயல் இல்லை என்பதற்காக உரியவர்களை விரட்டிவிடக் கூடாது. ஆகவே கேட்கும்போதே, 'இந்த வீட்டில் யாராவது பிள்ளை கூட்டியிருக்கிறார்களா, இங்கிருந்து யாராவது போயிருக்கிறார்களா?' என்று சேர்த்துக் கேளுங்கள். இந்த ஒரு கேள்வி பல முடிச்சுகளை அவிழ்க்கும்.

யாரிடம் கேட்பது? பலகையில் உள்ள ஊருக்கே போங்கள். அங்குள்ள நகரத்தாரின் சிவன் கோயிலில் விசாரித்து, 'இந்த விலாசம் எந்த வீடு?' என்று கேளுங்கள். தெருப் பெயரைவிட விலாசத்தால்தான் அங்கே வீட்டைச் சொல்வார்கள். முடிந்தால் எண்பது வயது தாண்டிய ஆச்சிகளிடம் படத்தைக் காட்டுங்கள். ஆண்களுக்குக் கணக்குத் தெரியும், உறவு முறையும் முகமும் ஆச்சிகளுக்குத்தான் தெரியும். ஊரில் பிடி கிடைக்காவிட்டால் இளையாத்தங்குடி முதல் வேலங்குடி வரையுள்ள நகரத்தாரின் ஒன்பது கோயில்களில் அந்த வீடு எந்தக் கோயிலைச் சேர்ந்தது என்று கேட்டு அங்கே போகலாம். கல்யாணங்களுக்கு மாலை அந்தக் கோயிலிலிருந்து வரும் என்பதால் புள்ளிகளின், அதாவது கல்யாணமான தம்பதிகளின், கணக்கு அங்கே இருக்கும்.

அரசு அலுவலகங்களை நம்பிப் பல நாள் வீணாக்க வேண்டாம். வில்லங்கம் பார்க்கப் போனால் சர்வே எண் கேட்பார்கள். சர்வே எண் தெரிந்திருந்தால் வீடே தெரிந்திருக்குமே! இவ்வளவு கணினிமயத்துக்குப் பிறகும் ஒரு சாதாரணக் குடிமகன் ஒரு குடும்பத்தைப் பெயரால் தேட உருப்படியான வழி செய்து வைக்கவில்லை என்பது வருத்தமான விஷயம்.

கடைக்காரரிடம் ஒரு முறை பேசுங்கள். ஆனால் 'இது தேவகோட்டை வீடா?' என்று கேட்டால் 'ஆமாம்' என்றுதான் பதில் வரும். 'எந்த ஊரில் பிரித்தது? இந்தக் கட்டோடு வேறென்ன வந்தது?' என்று மட்டும் கேளுங்கள். கூடவே வந்த பித்தளைப் பாத்திரம் ஒன்று இருந்தால் அதன் விளிம்பில் பெயர் வெட்டியிருப்பார்கள். பாத்திரத்தில் வெட்டிய விலாசம் பென்சில் எழுத்தைவிட நூறு மடங்கு நம்பகமானது.

அந்த எட்டாயிரம் ரூபாய்க்காரரைப் பற்றி ஒரு வார்த்தை. பூட்டிக் கிடக்கும் ஒரு பெரிய வீட்டை விற்க வேண்டுமானால் பங்காளிகள் அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும். முப்பது நாற்பது பேர்கூட இருப்பார்கள், பாதிப் பேர் சென்னையிலும் மலேசியாவிலும். அவர்களைத் தேடுவதே வேலையாக இருக்கும் புரோக்கர்கள் இருக்கிறார்கள். உங்கள் படம் அவர்களுக்குத் தேவையில்லை. யார் யாருக்கு யார் வாரிசு, எந்த எண்ணில் கிடைப்பார் என்று நீங்கள் எழுதி வைக்கிற பட்டியல்தான் வேண்டும். பணமும் வாங்கிக்கொண்டு பட்டியலையும் எடுத்துக்கொள்வார்கள். பிறகு அந்த வீட்டில் மூளும் சண்டையில் உங்கள் பெயரும் அடிபடும். குடும்பக் கொடிவழியை வரையுங்கள், ஆனால் உங்கள் நோட்டை விட்டு அது வெளியே போகக் கூடாது.

பேஸ்புக், வாட்ஸ்அப் குழுக்களில் போடுவது கடைசி வழி. போட்டால் முன்பக்கம் மட்டும் போடுங்கள். இனிஷியல், ஊர், ஸ்டுடியோ பெயர் மூன்றையும் மறைத்து வையுங்கள். உரிமை கோருகிறவர் அவற்றை அவராகச் சொல்ல வேண்டும். படத்தை ஏஐ செயலியில் போட்டுத் தெளிவாக்காதீர்கள். அது இல்லாத கண்ணையும் மூக்கையும் கற்பனையாக வரைந்து வைக்கும், ஆச்சிக்கு அடையாளம் தெரியாமல் போகும். எல்லாவற்றிலும் நல்ல சான்று, இதே பெரியவர் இருக்கும் இன்னொரு படம் அவர்கள் வீட்டில் இருப்பது. அதைக் கேட்டு வாங்கி, காதின் வடிவத்தை ஒப்பிடுங்கள். வயதானாலும் காதுமடலின் அமைப்பு அடையாளம் தெரியாத அளவுக்கு மாறாது.

வீடு உறுதியானதும் ஸ்கேனை எல்லாப் பங்காளிகளுக்கும் அனுப்பிவிட்டு, அசலை அவர்கள் ஒருமித்துச் சொல்கிற ஒருவரிடம் கொடுங்கள். நேரில் கொடுப்பதே மேல். தபாலில் என்றால் கண்ணாடியைக் கழற்றி, படத்தைவிடச் சுற்றிலும் இரண்டு செ.மீ. பெரிய இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவில் வைத்து, டேப் படத்தைத் தொடாதபடி கட்டி, ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். லேமினேட் செய்து கொடுக்காதீர்கள். அந்தப் பென்சில் எழுத்துள்ள பலகையையும் கூடவே சேர்த்துக் கொடுங்கள்.