ஆஸ்பத்திரி தூரம், பிரசவ தேதி பக்கம்: செவிலியரின் பதில்கள்

கேள்வி: சிஸ்டர், ஆஸ்பத்திரிக்குப் போக அரை நாள் ஆகிறது. கர்ப்பப் பரிசோதனைக்கு மாதாமாதம் போயே தீர வேண்டுமா?

மாதக் கணக்கை விட்டுவிட்டு வாரக் கணக்குக்கு வாருங்கள். உலக சுகாதார நிறுவனம் முன்பு 4 முறை போதும் என்றது; 2016இல் குறைந்தது 8 முறை என்று மாற்றியது. முதல் முறை 12 வாரத்துக்குள். அப்புறம் 20, 26, 30, 34, 36, 38, 40ஆம் வாரங்களில். கடைசிப் பத்து வாரத்தில்தான் நெருக்கம் அதிகம், கவனித்தீர்களா? ரத்த அழுத்தம் ஏறுவதும், குழந்தையின் தலை கீழே திரும்பாமல் இருப்பதும் பெரும்பாலும் அந்தச் சமயத்தில்தான் தெரியவரும்.

எட்டு முறையும் டாக்டரைத்தான் பார்க்க வேண்டும் என்றில்லை. பயிற்சி பெற்ற செவிலியர் உங்கள் பக்கம் வந்தால் பாதிக்கு மேல் அவரே பார்த்துவிடுவார். ஆனால் முதல் பரிசோதனையை மட்டும் "வயிறு தெரியட்டும், போகலாம்" என்று தள்ளாதீர்கள். ரத்தசோகை, சிபிலிஸ் என்ற பால்வினை நோய், எச்ஐவி மூன்றுக்கும் சீக்கிரம் கண்டுபிடித்தால் சிகிச்சை உண்டு.

கேள்வி: எங்கள் பக்கம் ஸ்கேன் வசதியே இல்லை. ஆபத்தா?

24 வாரத்துக்குள் ஒரு ஸ்கேன் எடுப்பது நல்லது. பிரசவ தேதி சரியாகக் கிடைக்கும், இரட்டைக் குழந்தை என்றால் தெரிந்துவிடும். அதற்காக ஒரு தடவை தூரம் போய் வரலாம். ஆனால் கையில் ஸ்கேன் படம் இருந்தால் எல்லாம் சரி என்று நினைக்கிறார்களே, அதுதான் எனக்குக் கவலை.

20 வாரத்துக்குப் பிறகு ரத்த அழுத்தம் 140/90ஐத் தொட்டு, சிறுநீரில் புரதமும் போனால் அது முன்சூல்வலிப்பாக இருக்கலாம். தொடக்கத்தில் அந்தப் பெண்ணுக்கு ஒன்றுமே தெரியாது, நன்றாகத்தான் இருப்பார். கவனிக்காமல் விட்டால் வலிப்பு வரும். கையில் கட்டிப் பார்க்கும் பிரஷர் கருவியும் சிறுநீரில் தோய்க்கும் ஒரு பட்டையும் இருந்தால் கண்டுபிடித்துவிடலாம். போகிற இடத்தில் இந்த இரண்டு பரிசோதனையும் செய்யவில்லை என்றால் நீங்களே கேட்டுச் செய்யச் சொல்லுங்கள். முந்தைய கர்ப்பத்தில் இந்தத் தொல்லை இருந்தவர்களுக்கு டாக்டர் குறைந்த அளவு ஆஸ்பிரின் தருவதுண்டு. அதை 20 வாரத்துக்கு முன்பே தொடங்கினால்தான் பலன். முதல் பரிசோதனையைத் தள்ள வேண்டாம் என்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: இரும்புச்சத்து மாத்திரை போட்டால் குமட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது. நிறுத்திவிடலாமா?

கூடாது. கறுப்பு நிறம் மாத்திரையால் வருவது, பயமில்லை. இரவு சாப்பிட்ட பிறகு போட்டுப் பாருங்கள். டீ, காபியோடு வேண்டாம். அப்படியும் முடியவில்லை என்றால் அளவை மாற்றித் தரச் சொல்லுங்கள்.

கேள்வி: என் மாமியார் எல்லாப் பிள்ளைகளையும் வீட்டிலேயே பெற்றவர். மருமகளுக்கு மட்டும் எதற்கு ஆஸ்பத்திரி என்கிறார்.

அவர் சொல்வதில் பொய் இல்லை. பெரும்பாலான பிரசவங்கள் நன்றாகவே முடியும். எது முடியாது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாததுதான் சிக்கல். குழந்தை பிறந்ததும் கருப்பை இறுக வேண்டும். இறுகாவிட்டால் ரத்தம் நிற்காது. எந்தக் குறையும் இல்லாத, பரிசோதனை எல்லாம் சரியாக வந்த பெண்ணுக்கும் இது வரும். சில மணி நேரத்தில் உயிரே போகலாம்.

அதைத் தடுக்க, குழந்தை பிறந்தவுடன் ஆக்சிடோசின் ஊசி போடுவோம். அதை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும், அதனால் மின்சாரம் நிலையாக இல்லாத இடங்களில் சிரமம். சூட்டைத் தாங்கும் கார்பெடோசின் ஊசியை 2018இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்திருக்கிறது. எதுவானாலும் கையில் மருந்தும் போடத் தெரிந்த ஆளும் வேண்டும்.

தாய்மரணங்களை ஆராய்ந்த தாடியஸ், மெய்ன் என்ற இருவர் 1994இல் மூன்று தாமதங்களைச் சொன்னார்கள்: போகலாம் என்று முடிவெடுப்பதில், போய்ச் சேருவதில், சேர்ந்தபின் சிகிச்சை கிடைப்பதில். முதல் தாமதம் உங்கள் வீட்டுக்குள் இருக்கிறது. அதனால் மாமியாரோடு சண்டை வேண்டாம், 36 வாரத்துக்குள் அவரையும் உட்காரவைத்துப் பேசி முடித்துவிடுங்கள். யார் வண்டி, ராத்திரி என்றால் யாரை எழுப்புவது, பணம் எங்கே இருக்கிறது, ரத்தம் கொடுக்க யார் வருவார், வீட்டு ஆண்கள் இல்லாத நேரத்தில் யார் முடிவெடுப்பது. கடைசிக் கேள்விக்குத்தான் பல வீடுகளில் பதில் இருக்காது.

கேள்வி: மழைக்காலத்தில் எங்கள் பாதை மூடிவிடும். அப்போதுதான் தேதி.

வலிக்குக் காத்திருக்காமல் முன்பே கிளம்பிவிடுங்கள். சில நாடுகளில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே கர்ப்பிணிகள் தங்கும் இல்லம் உண்டு. இல்லாவிட்டால் அருகில் உறவுக்காரர் வீடு பாருங்கள். எப்போது போய்த் தங்குவது என்பதைப் பரிசோதனை செய்பவரிடமே முடிவு செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: எந்த அறிகுறி வந்தால் உடனே கிளம்ப வேண்டும், சிஸ்டர்? கணவனாக எனக்கு அதுதான் தெரியவேண்டும்.

ரத்தப்போக்கு, விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, வலிப்பு, காய்ச்சல், பனிக்குடம் உடைவது, குழந்தையின் அசைவு குறைவது. ஒன்று வந்தாலே போதும், இன்னொன்றுக்காகக் காத்திருக்காதீர்கள் தம்பி. போகிற வழியிலேயே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து சொல்லிவிடுங்கள்.

கேள்வி: குழந்தை பிறந்து வீட்டுக்கு வந்தாயிற்று. இனி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமா?

வேண்டும். முதல் 24 மணி நேரம் செவிலியரின் கண்காணிப்பில் இருப்பது நல்லது. அதன்பின் இரண்டு மூன்று நாளில் ஒருமுறை, இரண்டாவது வாரத்துக்குள் ஒருமுறை, ஆறாவது வாரத்தில் ஒருமுறை. ரத்த அழுத்தம் பிரசவத்துக்குப் பிறகும் ஏறும், தெரியுமா? மேலே சொன்ன தலைவலி, கண் மங்கல், காய்ச்சல், ரத்தப்போக்கு எல்லாம் இப்போதும் பொருந்தும். தூக்கமில்லாமல் காரணம் தெரியாமல் அழுதுகொண்டே இருந்தால் அதையும் சொல்லுங்கள், அதற்கும் சிகிச்சை இருக்கிறது.