வேலிச் செங்காந்தள் முற்றத்தில் ஏன் அழுகியது?

கேள்வி: எங்கள் பனங்காட்டு வேலியில் கார்த்திகை மாதத்தில் தானாகப் பூக்கும் செங்காந்தளின் கிழங்கைத் தோண்டி வந்து, முற்றத்தில் நட்டு, கோடையிலும் நாள்தோறும் தண்ணீர் ஊற்றினேன்; அழுகிவிட்டது. என்ன தவறு செய்தேன்?
– வாசகி, மண்டபம்

பதில்: தண்ணீர்தான் காரணம். கொடி காய்ந்தபின் மண்ணுக்குள் உறங்கும் அந்தக் கிழங்குக்கு, மழை தொடங்கும்வரை ஈரமே கூடாது. உங்கள் கரையோர மணல் நீரைத் தேக்காது என்பதாலும், வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் வந்து எழுப்பிவிடுவதாலும், வேலியோரத்தில் அது யார் கவனிப்புமின்றிச் செழிக்கிறது. கலப்பை போல வளைந்த கிழங்கின் நுனியில்தான் முளை இருக்கிறது. அது ஒடிந்தால் அந்தப் பக்கம் துளிர்க்காது. மணலும் மட்கிய எருவும் கலந்த மேட்டில், நான்கு விரற்கடை ஆழத்தில், புரட்டாசிக் கடைசியில் நடுங்கள். இலை நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகிப் பற்றி ஏறுவதால், பக்கத்தில் ஒரு முள்செடியோ குச்சியோ இருக்கட்டும். பச்சையாக விரிந்து, மஞ்சளாகி, பின் சிவக்கும் அந்த இதழ்களைக் காணக் காத்திருப்பது தகும். ஆனால் செடி முழுவதும், குறிப்பாகக் கிழங்கு, கால்ச்சிசின் என்னும் கொடிய நஞ்சு கொண்டது; குழந்தைகளுக்கும் ஆடுகளுக்கும் எட்டாத இடத்தையே தேர்ந்தெடுங்கள். வேலியில் எஞ்சியுள்ள கிழங்குகளைத் தோண்டாமல், முற்றிய விதைகளை மட்டும் எடுத்து விதையுங்கள். பூக்கச் சில ஆண்டுகள் பிடிக்கும்.