கடைமடைக்கு எவ்வளவு தண்ணி? டிஎன்ஏ பற்றிக் கேட்டதும் சொன்னதும்

பாளையங்கோட்டையில் 30 வருஷம் தாவரவியல் நடத்திய துணிச்சலில், "டிஎன்ஏ பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள்" என்று சொல்லிவிட்டேன். குவிந்துவிட்டன. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். பிள்ளைக்கு என்ன படிப்பு வரும் என்று கேட்டவர்கள் ஜோசியரைப் பார்க்கவும்.

தென்காசி, பிளஸ் டூ மாணவி: சார், டிஎன்ஏ, மரபணு, குரோமோசோம் மூணும் குழப்புது. ஒரே வரியில சொல்லுங்க.

ஒரு வரியில் அடங்காதும்மா. பனையோலைச் சுவடியை நினைத்துக்கொள். ஓலையில் கீறிய எழுத்து வரிசை டிஎன்ஏ. நம் 247 எழுத்தெல்லாம் அதில் கிடையாது. ஏ, டி, ஜி, சி என்று நாலே நாலு. ஒரு பாட்டு அளவுள்ள பகுதி மரபணு. சுவடிக்கட்டு குரோமோசோம். சிவப்பணு போன்ற சில விதிவிலக்குகளை விட்டுவிட்டால், உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் 46 கட்டு. 23 அம்மா வழிச் சீர், 23 அப்பா வழிச் சீர்.

புரதம் செய்ய மூலச் சுவடியை வெளியே எடுப்பதில்லை. வேண்டிய பாட்டை மட்டும் ஆர்என்ஏ என்ற துண்டு ஓலையில் பெயர்த்தெழுதி, மும்மூன்று எழுத்தாகப் படிக்கிறது செல். அப்படி 64 சொற்கள் வரும். 61 சொற்கள், புரதத்தைக் கோக்கும் மணிகளான 20 அமினோ அமிலங்களைக் குறிக்கும், மிச்சம் 3 முற்றுப்புள்ளி. இந்த அகராதியைப் படித்துச் சொன்னதற்காக 1968-இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர் நம் ஹர் கோவிந்த் குரானா.

மேலப்பாளையம், மொபைல் கடைக்காரர்: அண்ணாச்சி, மனுசன் டிஎன்ஏ எத்தனை ஜிபி வரும்?

ஒரு ஜிபி கூட வராது. ஒரு தொகுதியில், அதாவது 23 கட்டில், ஏறத்தாழ 310 கோடி எழுத்து. நாலில் ஒன்று என்பதால் எழுத்துக்கு 2 பிட். பெருக்கிப் பார்த்தால் 800 எம்பிக்குள் முடிந்துவிடும். கடையிலேயே சின்ன மெமரி கார்டை எடுத்துப் பாரும், அதில் ஒரு மூலை போதும். வெங்காயத்துக்கு இதைப் போல 5 மடங்கு! 'போடா வெங்காயம்' என்று இனிமேல் யோசித்துத் திட்டவும். அதற்காக அது நம்மைவிடச் சிக்கலான உயிர் என்று ஆகாது. பெரும்பகுதி திரும்பத் திரும்ப வரும் எழுத்து. நம்மிடமும் புரதத்துக்கான மரபணுக்கள் சுமார் 20,000தான். மொத்த எழுத்தில் அது 2 சதவீதம்கூடத் தேறாது.

சேரன்மகாதேவி, கல்லூரி முதலாண்டு மாணவர்: சார், எல்லா செல்லுலயும் ஒரே டிஎன்ஏன்னா, கண்ணு எங்க வரணும், ஈரல் எங்க வரணும்னு செல்லுக்கு எப்படித் தெரியும்? உள்ள படம் போட்டு வச்சிருக்கா?

இந்தக் கேள்வி வந்ததால்தான் மற்றதற்கெல்லாம் பதில் எழுத உட்கார்ந்தேன். படம் கிடையாது தம்பி. உங்கள் பக்கத்துக் கன்னடியன் கால்வாயைப் பார். தண்ணீர் குறைந்த வருஷம் தலைமடைக்காரர் நெல் போடுவார். கடைமடைக்காரர் வந்துசேர்ந்த தண்ணீரைப் பார்த்து உளுந்தோடு நிறுத்திக்கொள்வார். நெல் பக்குவமும் உளுந்துப் பக்குவமும் இருவருக்கும் தெரியும். மேலேயிருந்து பார்த்தால் யாரோ வரைபடம் வைத்துப் பட்டை பட்டையாகப் பிரித்தது போலிருக்கும். நடந்ததோ, தன் மடைக்கு வந்ததைப் பார்த்து அவரவர் எடுத்த முடிவு.

பழ ஈயின் முட்டையில் இதுதான் நடக்கிறது. தாய் ஈ, முட்டையின் ஒரு முனையில் 'பைகாய்டு' என்ற மரபணுவின் ஆர்என்ஏவை வைத்துவிடுகிறது. அதிலிருந்து வரும் புரதம் அந்த முனையில் நிறைய, போகப் போகக் குறைவு. நிறையக் கிடைத்த இடத்தில் தலைக்குரிய மரபணுக்கள் திறக்கும். குறைந்த இடத்தில் வேறு சில திறக்கும். மறுமுனைக்கு வேறொரு தாய்ச் சரக்கு உண்டு. திறந்த மரபணுக்கள் அடுத்தவற்றைத் திறக்கும், மூடும். பட்டைகள் பிரிந்துகொண்டே போகும். ஈயின் உடல் இப்படிக் கண்டம் கண்டமாகப் பிரிவதை ஆராய்ந்த கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்டுக்கும் எரிக் வீஷாஸுக்கும், எட்வர்ட் லூயிஸோடு சேர்த்து 1995-இல் நோபல் கிடைத்தது.

அதே 1995-இல் வால்டர் கேரிங் குழு செய்த காரியத்தை நினைத்தால் எனக்கு இன்றும் புல்லரிக்கும். கண்ணைத் தொடங்கிவைக்கும் மரபணுவை ஈயின் காலில் திறந்துவிட்டார்கள். காலில் கண் வந்தது. எலியிடமுள்ள அதற்கு இணையான மரபணுவை ஈக்குள் வைத்தும் பார்த்தார்கள். அப்போதும் வந்தது ஈயின் கண்தான்! 'இங்கே கண் வை' என்ற ஏவல் மட்டும் எலியுடையது. எந்தக் கண் என்று தீர்மானித்தது, அதைப் படித்த ஈயின் செல்.

கல்லிடைக்குறிச்சி, ஓய்வு பெற்ற தமிழாசிரியர்: 'எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான்' என்பார்கள். டிஎன்ஏ பெயர்த்தெழுதுவதில் பிழை வராதா?

வரும் ஐயா. ஆனால் செல்லுக்குள் பிழை திருத்துபவர்கள் கெட்டிக்காரர்கள். எல்லாத் திருத்தமும் முடிந்தபின் மிஞ்சுவது ஏறக்குறைய 100 கோடி எழுத்துக்கு ஒன்று. அப்படியும் பெற்றோரிடம் இல்லாத 60, 70 புதுப் பிழைகளோடுதான் ஒரு குழந்தை பிறக்கிறது. பெரும்பாலானவை எதுவும் செய்வதில்லை.

பாடபேதம் பார்க்கும் கண் உங்களுக்கு உண்டு என்பதால் இதையும் சொல்கிறேன். உ.வே.சா. ஏடு தேடி நம் ஆழ்வார்திருநகரி வரை வந்தவர். இரண்டு ஏட்டில் ஒரே இடத்தில் ஒரே பிழை இருந்தால், இரண்டும் ஒரு தாய் ஏட்டைப் பார்த்து எழுதியவை என்று கணிப்பார்கள் அல்லவா? உயிர்களின் உறவையும் அப்படியே கணிக்கிறோம். வைட்டமின் சி செய்யும் மரபணு ஆட்டுக்கு ஒழுங்காக வேலை செய்கிறது. நமக்கும் சிம்பன்சிக்கும் அது கெட்டுப்போய்க் கிடக்கிறது. உடைந்த சுவடுகள் பொதுவாகவே இருக்கின்றன. புளியங்குடி எலுமிச்சையை நாம் தேட வேண்டியிருப்பது ஒரு பழைய ஏட்டுப் பிழையால்.

களக்காடு, வாழை விவசாயி: எங்க ஏத்தன் எல்லாம் ஒரே தாய்வாழைக் கன்னுதான். பின்ன ஏன் ஒண்ணு பெருந்தார், ஒண்ணு சொத்தை?

ஏடு ஒன்றுதான் அண்ணாச்சி. மண், தண்ணீர், கன்றின் எடை, வேரில் நூற்புழு எல்லாம் சேர்ந்து பாட்டை மாற்றிப் படிக்கவைக்கின்றன. ஏத்தனில் குரோமோசோம் கட்டுகள் நம்மைப் போல இரண்டு தொகுதி அல்ல, மூன்று. பதினொன்று மூன்றாக 33. சமமாகப் பிரிக்க முடியாததால் விதை பிடிக்காது, கன்றை நம்ப வேண்டியதுதான். எல்லாம் ஒரே எழுத்து என்பதில் ஆபத்தும் உண்டு. 'குரோ மிஷெல்' வாழையை உலக ஏற்றுமதிச் சந்தையிலிருந்தே பனாமா வாடல் நோய் விரட்டியது அதனால்தான்.

ஊர் போடாத ஒருவர்: வீரம் எங்க டிஎன்ஏவிலேயே இருக்கு. சரிதானே?

இல்லை.

ஸ்ரீவைகுண்டம், வரலாற்று ஆர்வலர்: ஆதிச்சநல்லூர் முதுமக்கள் தாழி எலும்பில் டிஎன்ஏ எடுக்கலாமா?

எடுக்க முயலலாம், நம் வெயிலும் ஈரமும் எழுத்தைத் துண்டு துண்டாக்கிவிடும். உள்காதைச் சூழ்ந்த கெட்டி எலும்பில்தான் ஓரளவு தங்கும். அரியானாவில் உள்ள சிந்துவெளி நாகரிக ஊரான ராக்கிகடியில் 61 மாதிரிகளைச் சோதித்து, 2019-இல் வெளியிடும் அளவுக்கு எழுத்து தேறியது ஒரே ஒரு பெண்ணிடம்.

மறுபடியும் சேரன்மகாதேவி: சார், எழுத்து முழுக்க கம்ப்யூட்டர்ல இருந்தா, அதை வச்சே ஒரு உயிரைச் செஞ்சிரலாமா?

பாதி தூரம் போயிருக்கிறார்கள். 2010-இல் கிரெய்க் வென்டர் குழு, கம்ப்யூட்டரில் இருந்த வரிசையைப் பார்த்து ஒரு பாக்டீரியாவின் சுமார் 10.8 லட்சம் எழுத்தையும் ரசாயனத்தில் துண்டு துண்டாகச் செய்து, ஈஸ்ட் செல்லுக்குள் வைத்து ஒட்டி, கிட்டத்து உறவான வேறொரு பாக்டீரியாவுக்குள் வைத்தது. அந்தச் செல் புது ஏட்டைப் படித்தது, பெருகியது, புது ஏட்டின் இனமாகவே மாறியது. ஆனால் படித்த செல் கடன் வாங்கியது. பழ ஈ முட்டையில் முதல் தண்ணீரைத் திறந்துவிட்டது தாய் ஈ என்றேனே, அந்தத் தாய்க்கு அவள் தாய், அவளுக்கு அவள் தாய். நடுவில் ஓரிடத்திலும் வாய்க்கால் காய்ந்ததில்லை.