எனக்கு எரிக் பிரவுன்தான், விமானம் மொஸ்கிட்டோ

‘வரலாற்றிலேயே தலைசிறந்த ராணுவ விமானி யார், விமானம் எது?’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

இந்தக் கேள்விக்கு எரிக் ஹார்ட்மன் பெயரைத்தான் பலரும் சொல்வார்கள். இரண்டாம் உலகப் போரில் 352 விமானங்களை வீழ்த்திய ஜெர்மானியர். எண்ணிக்கையில் அவரை மிஞ்ச ஆளே இல்லை. ஆனால் எதைக் கொடுத்தாலும் ஓட்டிவிட்டு உயிரோடு திரும்பி வருகிறவரைத்தான் நான் பெரிய விமானி என்பேன். அப்படிப் பார்த்தால் பிரிட்டிஷ் கடற்படையின் எரிக் ‘விங்கிள்’ பிரவுன்.

அவர் ஓட்டியது 487 வகை விமானங்கள். ஸ்பிட்ஃபயர் என்ற பிரிட்டிஷ் போர் விமானத்தில் எத்தனை மாடல் ஓட்டியிருந்தாலும் அது ஒன்று என்றுதான் கணக்கு! விமானந்தாங்கிக் கப்பலில் இறங்கியது 2,407 முறை. 1941 டிசம்பரில் அவர் இருந்த ஆடாசிட்டி கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்தபோது பிழைத்தவர்களில் ஒருவர். அதற்குப் பிறகுதான் சோதனை விமானியாக அவருடைய உண்மையான ஆட்டம் ஆரம்பிக்கிறது.

1945 டிசம்பர் 3 அன்று ஓஷன் என்ற விமானந்தாங்கிக் கப்பலில் ஸீ வாம்பயர் ஜெட் விமானத்தை இறக்கினார். ஜெட் விமானம் ஒன்று கப்பலில் இறங்கியது அதுவே முதல் முறை. அந்தக் காலத்து ஜெட் எஞ்சினில் த்ராட்டிலை (வேகத்தைக் கூட்டும் கைப்பிடி) தள்ளினால் சில விநாடி கழித்துத்தான் வேகம் பிடிக்கும். கப்பலை நெருங்கும்போது கொஞ்சம் தாழ்ந்துவிட்டால், புரொபெல்லர் விமானம் மாதிரி சட்டென்று எழும்ப முடியாது.

அதே ஆண்டு ஜூனில், ஜெர்மானியர்களிடம் கைப்பற்றிய மீ 163 ராக்கெட் விமானத்தையும் ஓட்டினார். அதன் ராக்கெட்டை இயக்கும் இரண்டு திரவங்களும் ஒன்றோடொன்று பட்டாலே தீப்பிடிக்கும். எரிபொருள் சில நிமிடங்களுக்குத்தான் வரும். சக்கரங்களைக் கிளம்பியதுமே கழற்றிவிட வேண்டும். இறங்கும்போது எஞ்சினும் இல்லை, சக்கரமும் இல்லை, வயிற்றில் ஒரு சறுக்குக் கட்டைதான். நானாக இருந்தால் பக்கத்திலேயே போயிருக்க மாட்டேன்.

டிஹெச் 108 என்ற பிரிட்டிஷ் ஜெட் விமானத்தின் சோதனையில் 1946இல் சோதனை விமானி ஜெஃப்ரி டி ஹாவிலண்ட் ஜூனியர் இறந்துபோனார். பின்னால் பிரவுன் அதே ரக விமானத்தை ஓட்டியபோது, வேகம் கூடியதும் பயங்கரமாகக் குலுங்கியிருக்கிறது. தன் குள்ள உருவம்தான் தலை மேலே இடிக்காமல் காப்பாற்றியது என்பார் அவர். டி ஹாவிலண்ட் உயரமானவர்.

பிரவுன் வீழ்த்திய விமானங்கள் சொற்பம்தான். அதனால் அவரைப் ‘போர் வீரர்’ பட்டியலில் சேர்க்கத் தயங்குகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. புது விமானத்தின் குறைகளை ஒருவர் முதலில் கண்டுபிடித்துச் சொன்னால்தானே படையில் இருப்பவர்கள் அதை நம்பி ஏற முடியும்?

சரி, விமானம்? இரண்டாம் உலகப் போர்க்காலத்து பிரிட்டிஷ் விமானமான மொஸ்கிட்டோ. உலோகம் தட்டுப்பாடான நேரத்தில் பெரும்பாலும் மரத்தாலேயே செய்தார்கள். மேசை நாற்காலி செய்கிற தச்சுப் பட்டறைகளிலும் அதன் பாகங்கள் தயாராயின. குண்டுவீச்சுக்கான முதல் மாடல்களில் துப்பாக்கியே கிடையாது, வேகத்தை நம்பியே போய்வந்தன. இரட்டை எஞ்சின் கொண்ட இந்த விமானத்தை 1944 மார்ச்சில் இன்டிஃபேட்டிகபிள் கப்பலின் தளத்தில் முதன்முதலாக இறக்கிக் காட்டியதும் பிரவுன்தான்.