கேளுங்க சொல்றோம்: அலாஸ்கா

கேள்வி: அலாஸ்காவ ரஷ்யா அமெரிக்காவுக்கு வித்துச்சாமே, நெஜமாவா? அந்தப் பனிக்காட்டுல அப்படி என்ன இருக்கு?

பதில்: நெஜந்தாங்க. 1867-ல 72 லட்சம் டாலர், ஏக்கர் கணக்குப் போட்டா ரெண்டு சென்ட்தான் வருது! வாங்கின அமெரிக்க வெளியுறவு மந்திரி சீவர்ட, ஐஸ் பெட்டிய காசு குடுத்து வாங்கிட்டாருன்னு ஊரே கிண்டல் பண்ணுச்சு. அப்புறம் தங்கம் கெடச்சுது, 1959-ல 49-வது மாநிலமாச்சு, 1968-ல வடக்குக் கடலோரத்துல இருக்கிற ப்ரூடோ பேல கச்சா எண்ணெய் கெடச்சதும் கதையே மாறிப்போச்சு. அங்கேருந்து தெக்க வால்டீஸ் துறைமுகம் வரைக்கும் 1,300 கிலோமீட்டருக்கு பைப் போட்டாங்க, ஆனா பாதி தூரம் பைப் மண்ணுக்குள்ள இல்ல, கால் மேல நிக்குது, ஏன்னா உள்ள போற எண்ணெய் சூடு, கீழ இருக்கிறது உறைஞ்ச மண்ணு, அது உருகுனா பைப்பு பூமிக்குள்ள இறங்கிடும்ல. இன்னொண்ணு, எண்ணெய் வருமானத்துல ஒரு பங்க நிதியா சேத்து 1982-லேருந்து அங்க குடியிருக்கவங்களுக்கு, கொழந்தைங்க உட்பட, வருஷா வருஷம் பணம் தர்றாங்க (பொறாமையாத்தான் இருக்கு). தலைநகர் ஜூனோவுக்கு மட்டும் வெளியூர்லேருந்து ரோடே கிடையாது, கப்பல் இல்லன்னா விமானந்தான்.